யாருக்குத் திறந்தது சத்திரக் கதவு?

இது நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன், இப்போது ஐடி வேலையில் இருக்கிறான். போன மாதம் தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்திலிருந்து வாட்ஸப்பில் படங்கள் அனுப்பியிருந்தான். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். ஊட்டிக்கு மேல் இன்னொரு ஏற்காட்டைத் தூக்கி வைத்தால்தான் குஸ்கோவை எட்டும் போல. படத்தோடு குரல் செய்தியும் வந்தது. "டீச்சர், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. ரொம்பச் சின்ன லாட்ஜ்தான் எடுத்திருக்கேன். உள்ளே நுழைஞ்சதும் கோக்கா இலை போட்டு வெந்நீர் குடுத்தாங்க, தலைவலி வராம இருக்கிறதுக்காம். ஒரே ரூம்ல எட்டுக் கட்டில். பாஸ்போர்ட்டைப் பாத்தாங்க, பணத்தை வாங்கினாங்க, வேற எதுவும் கேக்கல."

"வேற எதுவும் கேக்கல" என்ற வார்த்தை என்னை இரண்டு நாள் விடவில்லை. வெளியூரிலிருந்து இரவு நேரத்தில் வந்து நிற்கிற மனிதனிடம் வாசலில் இருப்பவர் என்ன கேட்கிறார்? வழிப்போக்கர் விடுதிகளின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம் காஞ்சிபுரத்தை வைத்து முயன்று பார்க்கிறேன்.

முதலில் அந்தக் குஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். அது இன்கா பேரரசின் தலைநகரம். ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுக இன்காக்கள் போட்ட சாலைகள் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். 2014இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரு, பொலிவியா, ஈக்வடார் என்று ஆறு நாடுகளில் அந்தச் சாலை போகிறது. ஏறக்குறைய ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் கட்டியிருந்தார்கள். அதன் பெயர் தம்போ. அங்கே தானியம், துணி, ஆயுதம் எல்லாம் சேமித்து வைத்திருப்பார்கள். ஒல்லாந்தாய்தம்போ என்ற ஊர்ப் பெயரில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் தம்போ எல்லாருக்கும் உரியதல்ல. அரசின் படை, அதிகாரி, ஓட்டத்தூதர், அரசு வேலையாகப் போகிறவர், இவர்களுக்குத்தான். சாதாரணக் குடியானவன் இஷ்டத்துக்கு அந்தச் சாலையில் நடக்கவே முடியாது. ஆக, இன்கா வாசலில் கேட்ட கேள்வி: "யார் உன்னை அனுப்பியது?"

இப்போது நம் சாலைக்கு வருவோம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரும்போது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் சுங்குவார்சத்திரம். காஞ்சியைத் தாண்டி வேலூர்ப் பக்கம் போனால் பாலுசெட்டிசத்திரம். தினமும் ஆயிரம் பஸ் நின்று போகிற நிறுத்தங்கள். கண்டக்டர் "சத்திரம், சத்திரம்" என்று கூவும்போது யாரும் அந்தச் சொல்லை யோசிப்பதில்லை. தென்னாட்டில் ஒட்டன்சத்திரம், திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம் என்று பட்டியல் போட்டால் முடியாது. தம்போ என்ற சொல் ஆண்டிஸில் ஊர்ப் பெயரானது போலத்தான் இங்கே சத்திரமும் ஊர்ப் பெயராயிற்று. மாட்டு வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் படுத்த இடம் இன்று பேருந்து நிறுத்தம்.

காஞ்சிக்கு வெளியூர்க்காரர் வருவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஏழாம் நூற்றாண்டில், சுமார் 640இல், சீனத்து யுவான் சுவாங் வந்தார். இங்கே நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். இங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்தவர், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து வந்த துறவிகள் சொன்னதால் போகவில்லை. விடுதி என்பது படுக்க மட்டுமல்ல, செய்தி கிடைக்கிற இடமும்கூட என்பதற்கு இது நல்ல உதாரணம். அவருக்கும் முந்தி, கர்நாடகத்திலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குருவோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான். பல்லவரின் குதிரை வீரனோடு தகராறு ஏற்பட்டு, கோபித்துக்கொண்டு போய்க் கதம்ப அரசையே உண்டாக்கினான் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. வெளியூர் மாணவனை அவமானப்படுத்தினால் என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டிய கதை!

எனக்கு ரொம்பப் பிடித்த சான்று திருமுக்கூடல். வாலாஜாபாத் வழியாகப் போனால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு. வேதம் படிக்கிற மாணவர்களுக்குச் சாப்பாடு, விடுதி, கூடவே ஆதுலர் சாலை. அந்த மருத்துவமனையின் பெயர் வீரசோழன், படுக்கை பதினைந்து. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துச் செடி கொண்டுவருகிறவர்கள், பணிப்பெண்கள் என்று தனித்தனியே நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். மாணவர்கள் படுக்கப் பாய், இராத்திரி விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பாயையும் தலைக்கு எண்ணெயையும் கல்லில் வெட்டிய ஒரு நிர்வாகம்! பிள்ளைகளை இரண்டு முறை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். "டீச்சர், நம்ம ஹாஸ்டல்ல இதெல்லாம் தர்றாங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். மாணவர் விடுதியில் தங்கியிருந்தவன். பதில் சொல்லாமல் சமாளித்தேன்.

நாம் இன்று சத்திரம் என்று நினைப்பது பெரும்பாலும் பிற்காலத்தது. நாயக்கர், மராட்டியர் காலத்திலும் கும்பினியார் ஆட்சியின் தொடக்கத்திலும் கட்டியவை. காசியிலிருந்து இராமேசுவரம் வரை நடந்து போகிறவர்கள், திருப்பதிக்கும் காஞ்சிக்கும் போகிறவர்கள், இவர்களுக்காக மன்னர்களும் இராணிகளும் வணிகர்களும் கட்டினார்கள். மதுரையில் இராணி மங்கம்மாள் சத்திரம், ஒரத்தநாட்டில் சரபோஜி 1802இல் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் எல்லாம் நீங்கள் அறிந்தவை. திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு, தள்ளி மடைப்பள்ளி, மாடு கட்ட இடம். மணியக்காரர் கணக்குப் பார்ப்பார். பெரும்பாலான இடங்களில் மூன்று நாள் தங்கலாம். கட்டணம் இல்லை. எழுதி வைத்த நிலத்து நெல்லில் செலவு நடக்கும்.

சரபோஜி மன்னர் 1801இல் கும்பினி ரெசிடெண்டுக்குத் தன் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. படித்தால் கண் கலங்கும். சாதி பாராமல் வருகிறவர் அனைவருக்கும் சோறு என்கிறது. நோயாளிக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால், அநாதைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வழியில் பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்குப் பராமரிப்பு, இறந்துபோனவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு என்று வரிசையாகப் போகிறது. சத்திரங்களைக் கும்பினி கையில் விட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. அந்தக் கவலைக்கு அர்த்தம் இருந்தது. 1817இல் சென்னை அரசாங்கம் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து, கோயில், மசூதி, பாலம், சத்திரம் ஆகியவற்றின் சொத்துகளைத் தன் மேற்பார்வைக்கு எடுத்துக்கொண்டது. தர்மம் அன்றிலிருந்து ஆபீஸ் ஃபைலாயிற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் சோறு என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் என்று அர்த்தமில்லை. பல சத்திரங்கள் பிராமணருக்கு மட்டும். பல, கட்டிய சாதியாருக்கு மட்டும். பொதுச் சத்திரத்திலும் முற்றம் ஒருவருக்கு, திண்ணை ஒருவருக்கு, மரத்தடி ஒருவருக்கு. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல இடங்களில் கிணற்றுப் பக்கமே போக முடியாது. "எந்த ஊரு?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிய பிறகுதான் எங்கே பாய் விரிப்பது என்று தெரியும். பழைய சத்திரங்களைப் புகழ்ந்து எழுதும் நண்பர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இந்த இரண்டாவது கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே மாற்றியிருக்கிறது. 1904இல் ஈரோட்டு வணிகர் வீட்டு இளைஞர் ஒருவர் வீட்டைவிட்டுக் காசிக்குப் போனார். கையில் காசு இல்லை. பசி. சத்திரத்தில் பிராமணருக்கு மட்டுமே சோறு. பூணூல் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தார்; மீசை காட்டிக் கொடுத்துவிட்டது. பிடித்துத் தள்ளினார்கள். தெருவில் எறிந்த எச்சில் இலையில் இருந்ததைச் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால், அந்தச் சத்திரத்தைக் கட்டிக் கொடுத்தவர் தென்னாட்டுப் பிராமணரல்லாத வணிகர் ஒருவர்! பெரியார் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் சொல்லும் நிகழ்ச்சி இது. பணம் ஒருவருடையது, கதவு இன்னொருவருடையது.

அதற்கு இருபது ஆண்டு கழித்துச் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று பெரிய சண்டை. அது அடங்குவதற்குள் 1925 நவம்பரில் நம் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறியது இந்த ஊரில்தான். பாடப்புத்தகத்தில் தீர்மானம் வரும், தேர்வில் கேட்பார்கள். ஒரு வேளைச் சோற்றுக்காகத் தள்ளப்பட்டவரின் கதையும் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தது என்று நான் வகுப்பில் சேர்த்துச் சொல்வேன். பிள்ளைகள் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ரயில் வந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு 19 மைல் நீளத்தில் சின்ன ரயில்பாதை 1865இலேயே போட்டார்கள். பின்னால் அது செங்கல்பட்டு வரை நீண்டது. மூன்று நாள் வண்டிப் பயணம் காலை மாலை விஷயமாயிற்று. வழிச் சத்திரங்கள் வெறிச்சோடத் தொடங்கின. ஆனால் இரண்டாவது கேள்வி ரயிலேறியும் வந்தது. ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம். அது 1941இல்தான் நீங்கியது. ஊருக்குள் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் அதற்குப் பிறகும் நின்றது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் நடந்த மறியலை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சட்டம் மெல்ல மெல்ல வந்தது. 1938இல் சென்னை மாகாணச் சட்டம், 1950இல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். அந்த 1955 சட்டத்தில் ஓட்டல், கடையோடு தர்மசாலை, சராய், முசாபிர்கானா என்று வழிப்போக்கர் விடுதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு இரவுப் படுக்கையின் அருமை தெரிந்திருக்கிறது.

பிறகு வந்ததுதான் லாட்ஜ். 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று வளைவாக எழுதிய பலகை, இரும்புக் கட்டில், பஞ்சு நகர்ந்து மேடும் பள்ளமுமான மெத்தை, தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறை. நெல்லுக்காரத் தெருப் பக்கமும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கோயிலுக்கு வந்தவர்களும் பட்டுச் சேலை எடுக்க ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த வியாபாரிகளும் தங்கினார்கள். லாட்ஜைத் திட்டுவது எளிது. மூட்டைப்பூச்சி இருக்கும், தண்ணீர் வராது. ஆனால் லாட்ஜ் மேனேஜர் கேட்ட கேள்வி "எத்தனை நாள்?" என்பது மட்டும்தான். அட்வான்ஸ் கொடுத்தால் சாவி. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவர் சொல்வார்: "சத்திரத்துல சோறு போட்டான், என்ன சாதின்னு கேட்டான். லாட்ஜ்ல காசு வாங்கினான், கம்முனு இருந்தான். எனக்கு லாட்ஜே தேவலை." பாவு தோய்த்து மானம் பார்த்து வாழ்ந்த மனிதர். அவர் பேச்சை நான் எந்த வரலாற்றுப் புத்தகத்துக்கும் குறைவாக நினைப்பதில்லை.

காசு இல்லாதவருக்கு? அவர்களுக்குத் திண்ணை இருந்தது. 1979இல் அத்தி வரதரைக் குளத்திலிருந்து எடுத்தபோது நான் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு திண்ணையில் முகம் தெரியாதவர்கள் படுத்திருந்தார்கள். அம்மா ஒரு அண்டாவில் தண்ணீரும் சொம்பும் வாசலில் வைப்பார். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு படுக்கவில்லை. அதே அத்தி வரதரை 40 ஆண்டு கழித்து 2019 ஜூலை 1 முதல் 48 நாள் வைபவமாக எடுத்தார்கள். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று செய்தி. அதற்குள் எங்கள் தெருவில் ஒரு திண்ணைகூட மிச்சமில்லை. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இடித்துக் கட்டியபோது இரும்புக் கதவு போட்டாயிற்று. லாட்ஜ் அறைகள் பலமடங்கு வாடகை. வந்த ஜனம் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்தது. பழைய சத்திரக் கட்டடங்களோ பல ஊர்களில் கல்யாண மண்டபம், கடை வளாகம்.

லாட்ஜ் எல்லாருக்கும் திறந்தது என்று சொன்னேனே, அதில் ஒரு திருத்தம். பெண்ணுக்குத் திறக்கவில்லை. 1980களின் கடைசியில் பணியிடைப் பயிற்சிக்காக வேறொரு மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தேன். பயிற்சி முடிய இரவாகிவிட்டது, கடைசிப் பஸ் போய்விட்டது. பெயர் சொல்ல வேண்டாம், ஒரு லாட்ஜில் போய் நின்றேன். கையில் அடையாள அட்டை, ஆணை எல்லாம் இருக்கிறது. மேனேஜர் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "கூட யாரு வந்திருக்காங்கம்மா?" என்றார். யாருமில்லை என்றேன். "லேடீஸ் தனியா வந்தா ரூம் கிடையாதும்மா." இன்னும் இரண்டு இடத்திலும் அதே கேள்வி. அன்றிரவு கூடப் பயிற்சிக்கு வந்த ஓர் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்தேன். அவர் சாதியையும் நான் கேட்கவில்லை, என் சாதியையும் அவர் கேட்கவில்லை, சோறு போட்டார். சரபோஜி கடிதத்தில் பிரசவத்துக்கு வந்த வழிப்போக்குப் பெண்ணுக்கு இடம் இருந்தது. அதற்கு இருநூறு ஆண்டு கழித்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு ஓர் இரவுக்கு இடமில்லை.

இப்போது மறுபடி சுங்குவார்சத்திரத்துக்கு வாருங்கள். அந்த வட்டாரம் முழுக்க இன்று தொழிற்சாலை. கைபேசி, டிவி, கார் உதிரி பாகம். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். வழிப்போக்கர் இல்லை, ஆனால் வெளியூர்க்காரர்கள். இரவு தலை சாய்க்க இடம் வேண்டும். 2021 டிசம்பரில் அப்படி ஒரு விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மயங்கி விழுந்து, தோழிகள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நெருக்கிப் போட்ட படுக்கை, தண்ணீர் இல்லாத கழிப்பறை என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. திருமுக்கூடல் கல்வெட்டில் பாய்க்கும் எண்ணெய்க்கும் கணக்கு எழுதியவர்கள் வாழ்ந்த அதே மாவட்டம்.

அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அரசு வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. ஊர் ஊராகத் தோழி விடுதிகளும் வந்திருக்கின்றன. என் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அன்று மூன்று லாட்ஜ் படி ஏறியிருக்க மாட்டேன். 18,720 கட்டில் என்பது நம் மாவட்டத்துச் சத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கனவில்கூட வந்திருக்காத எண்ணிக்கை.

போன வாரம் சென்னை போகும்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை. தருமபுரிப் பக்கமாம். அவள் இருப்பது ஒரு தனியார் விடுதி, அறைக்கு ஆறு பேர். அவளிடம் என் கேள்வியைக் கேட்டேன்: "விடுதியில் சேரும்போது என்னம்மா கேட்டாங்க?"

"ஆதார் கார்டு, கம்பெனி ஐடி, அப்பா போன் நம்பர்."

"சாதி கேட்டாங்களா?"

"இல்ல டீச்சர்." (நான் டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.) சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ரூம்ல இருக்கிறவங்க கேட்டாங்க. எந்த ஊரு, எந்தத் தெருன்னு."

பஸ் ஸ்ரீபெரும்புதூர் வந்தது. அவள் இறங்கிக்கொண்டாள்.